எங்கள் மையத்தில் பல் கடிப்பார்கள்

அங்கன்வாடி வேலையில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவது சுலபம், தூங்கவைப்பதும் சுலபம். தூங்கின பிள்ளை என்ன செய்தது என்று அதன் வீட்டுக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. பிறர் பெற்ற பிள்ளைகளுக்குப் பாய் விரித்துப் பிழைக்கும் சக பாவிகளே, இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆலங்குடிக்குப் பக்கத்தில், தென்னந்தோப்பு ஒருபுறமும் முந்திரிக்காடு மறுபுறமுமாக இருக்கிறது எங்கள் மையம். நான் டீச்சர். சமையலுக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் உதவியாளர் சரோஜா அக்கா. அங்கே மித்ரா என்று ஒரு வாண்டு வந்து சேர்ந்தாள். இரண்டு வயது முடிந்த கையோடு வந்தவள். பல் முழுசாக முளைத்தபாடில்லை, அதற்குள் தூக்கத்தில் அதை நறநறவென்று கடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

விளக்குமாறு

முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டபோது சரோஜா அக்கா, சத்துமாவு மூட்டையை எலி கடிக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டார். விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு மூட்டையை நகர்த்தினார், அடுப்படியைக் குடைந்தார், எடை போடும் மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சத்தம் நிற்கவில்லை. பூனை மாதிரி அடிமேல் அடி வைத்து வந்தவர், கடைசியில் மித்ராவின் பாய்க்கு முன்னால் வந்து நின்றார். அவள் வாயைக் கோணலாக வைத்துக்கொண்டு சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: "எலின்னா அடிச்சு வெரட்டிப்புடலாம். இத என்னா செய்யிறது டீச்சர்?"

பூச்சி

மித்ராவின் அம்மா கௌசல்யா, முந்திரிக்கொட்டை உடைக்கும் இடத்தில் வேலை பார்க்கிறவள். விஷயத்தைச் சொன்னதும், "வயித்துல பூச்சி இருக்கும்" என்றாள். ஊரில் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான். நாங்கள் ஏற்கெனவே பூச்சி மாத்திரை கொடுத்திருந்தோம். அது போதாது என்று அவள் வேப்பங்கொழுந்தை அரைத்து உள்ளே தள்ளினாள். அன்று முழுக்கப் பிள்ளை வாந்தி எடுத்தது. மறுநாள் வழக்கம்போலப் பல்லையும் கடித்தது.

தடுப்பூசி போட வந்த நர்சம்மாவிடம் காட்டினோம். வாயைத் திறந்து பார்த்தார், எடை பார்த்தார், குறட்டை விடுகிறாளா, தாடை வலிக்கிறது என்று அழுகிறாளா என்று கேட்டார். எதுவும் இல்லை. "இந்த வயசுல நெறையப் பிள்ளைங்க கடிக்கும், வளர வளரத் தானா விட்டுரும். பல்லு தேஞ்சாலோ வலின்னு அழுதாலோ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நிம்மதி. கௌசல்யா முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"பூச்சின்னாலாச்சும் வீட்டுல சொல்லிக்கிருவேன். ஒண்ணுமில்லேன்னு சொன்னா எப்புடி டீச்சர் நம்புவாக?"

சத்தமில்லாத வீடியோ

மதியம் பிள்ளைகள் ஓய்வெடுப்பதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார் மேலதிகாரி அம்மா. எடுத்து அனுப்பினேன். மின்விசிறிச் சத்தத்தையும் மீறி மித்ராவின் கச்சேரி கேட்டது. உடனே போன் வந்தது. என்ன சத்தம் அது, மையத்தில் ஏதாவது உடைகிறதா என்று கேட்டார். பிள்ளை பல் கடிக்கிறது என்றேன். அவளை எழுப்பி உட்காரவைத்துவிட்டு வேறு வீடியோ எடுக்கச் சொன்னார். தூங்குகிற பிள்ளையை வீடியோவுக்காக எழுப்பமாட்டேன், வேண்டுமென்றால் நீங்களே வந்து எழுப்புங்கள் என்றேன். வாய்க்கொழுப்புதான், ஒத்துக்கொள்கிறேன். 

பிறகு சொன்னார்: "சரி, சவுண்ட ஆஃப் பண்ணிட்டு அனுப்புங்க."

துபாய் வரைக்கும் கேட்ட சத்தம்

மித்ராவின் அப்பா துபாயில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தூங்கும் பிள்ளையைப் பார்க்க ஆசைப்பட்டு வீடியோ காலில் வந்திருக்கிறார். கௌசல்யா போனைப் பிள்ளையின் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோக, நறநறவென்ற சத்தம் கடல் தாண்டிப் போய்விட்டது. அந்த மனிதருக்கோ விசா புதுப்பிப்பது இழுத்துக்கொண்டே கிடக்கிறது. பிள்ளை பல் கடித்தால் வீட்டுக்கு ஆகாது என்று அவருக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. உடனே தன் அக்கா ராசாத்திக்குப் போன் போட்டுவிட்டார். விசாவை நிறுத்திவைத்திருப்பது அந்தப் பால்பல்தான் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள்.

கௌசல்யா அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். விரலி மஞ்சளைச் சுட்டு வயிற்றில் சூடு வைக்கிற ஆள் ஒருத்தர் இருக்கிறாராம். செவ்வாய்க்கிழமை அவரிடம் பிள்ளையைக் கொண்டுபோகப் போகிறார்களாம். "நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"அவுக மூத்தவுக டீச்சர். நான் என்னத்தச் சொல்ல?"

நாற்காலி

செவ்வாய்க்கிழமை, பிள்ளைகள் தூங்குகிற நேரமாகப் பார்த்து ராசாத்தி ஆட்டோவில் வந்து இறங்கினார். "புள்ளையத் தூக்கிட்டு வாங்க, ஒரு எடத்துக்குப் போகணும்" என்றார். நான் என் நாற்காலியை வாசலுக்கு நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட அம்மா வந்தால்தான் அனுப்புவேன் என்றேன். அவர் கத்தினார். ரத்த சொந்தத்தைத் தடுக்க நீ யார் என்றார், மேலே எழுதிப் போடுவேன் என்றார். நன்றாக எழுதுங்கள், இரண்டு வயசுப் பிள்ளைக்குச் சூடு வைக்க விடவில்லை என்று தெளிவாக எழுதுங்கள் என்றேன்.

கௌசல்யாவுக்குப் போன் போட்டோம். அவள் வர நேரமாகும். நானும் போகமாட்டேன் என்று ராசாத்தி பக்கத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து கடலைக்காட்டில் நின்றுவிட்டுச் சாப்பிடாமல் வந்தவர். சண்டை வேறு, பசி வேறு. சரோஜா அக்கா மீதமிருந்த தக்காளி சாதத்தையும் முட்டையையும் ஒரு தட்டில் வைத்து நீட்டினார். முறைத்துக்கொண்டே சாப்பிட்டார். வெயிலும் அசதியும் சேர்ந்து, உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப்போனார்.

பிறகு ஆரம்பித்தது. நறநறவென்று, மித்ராவெல்லாம் பிச்சை வாங்க வேண்டும். சரோஜா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினார்.

கௌசல்யா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். நாத்தனாரின் பல் சத்தத்தை நின்று கேட்டாள். அவள் சிரிக்கவில்லை. தோளைத் தொட்டு எழுப்பி, "மதினி, நீங்களும் பல்லக் கடிக்கிறீக. ஒங்களுக்கு எங்க சூடு வைக்கிறது?" என்று நிதானமாகக் கேட்டாள். ராசாத்தி என்னைப் பார்த்தார், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த சரோஜா அக்காவைப் பார்த்தார். நாங்கள் இருவரும் தலையாட்டினோம். கௌசல்யா தன் இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முன்னால் விரித்தாள். முந்திரிக்கொட்டைப் பால் பட்டுப் பட்டுக் கறுத்து, தோல் உரிந்து வெந்துபோன கைகள். மூத்தவருக்கு முன்னால் அவள் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

"சூடுன்னா என்னான்னு எனக்குத் தெரியும் மதினி. எம்புள்ளைக்குத் தெரிய வேணாம். ஆட்டோவத் திருப்பி அனுப்புங்க."

ஆகவே சக பாவிகளே, துபாய்க்காரருக்கு விசா கிடைத்துவிட்டது, மித்ரா அதற்காகப் பல் கடிப்பதை நிறுத்திவிடவில்லை, நானும் என் நாற்காலியை வாசலை விட்டு எடுப்பதாக இல்லை.