காருக்குள் சூடம்

“படிச்ச புள்ள ஏசி காத்துல உக்காந்து வேலை பாக்கலாம். நீ ஏன்மா ஏசிக்குள்ள கைய விடப் போறேங்கிற?” என்று மாமா கேட்டார். எங்கள் வீட்டில் பதினேழு வயதில் முடிக்கும் ஐந்தாம் படிவத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் அவர் கவலை எனக்குப் புரிந்தது. ஆனால் ஏசி பக்கம் என்னை முதலில் திருப்பியதே அவர்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. கரங்கான் பக்கம் தோட்டத்தில் இருந்தோம். உடம்பில் சூடு ஏறினால் தம்பிக்கு வலிப்பு வந்துவிடும். அவனைக் கூலிம் மருத்துவமனைக்குக் கொண்டுபோக அப்பாவின் பழைய கார்தான். அந்த வெயில் காலத்தில் அதன் ஏசி நின்றுபோனது.

தம்பியை அம்மாவிடம் விட்டுவிட்டு, அப்பாவும் மாமாவும் நானும் பட்டறைக்குப் போனோம். இந்தக் காருக்கான பழைய கேஸ் இப்போது கிடைக்காது என்றார் பட்டறை அண்ணன். புது கேஸ் போடலாம். ஆனால் எண்ணெய், ரப்பர் வளையம் எல்லாம் மாற்ற வேண்டும், காரை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

மாமாவுக்குப் பிடிக்கவில்லை. “ஒன்னும் மாத்த வேணாம் லா. என் கார்ல போட்ட கேஸ போடுங்க அண்ணே. ஐஸ் மாதிரி அடிக்குது.”

“அடிக்கும். அது சமையல் கேஸ் சாதி. உள்ள கசிஞ்சு நெருப்பு பட்டா முடிஞ்சது,” என்ற அண்ணன் அப்பாவைப் பார்த்தார். “காருக்குள்ள சிகரெட் புடிப்பீங்களா?”

“எங்க மச்சானா? டீயே ஊதித்தான் குடிப்பாரு,” என்றார் மாமா. அண்ணன் சிரித்துக்கொண்டே அந்த கேஸ் இருந்த சிலிண்டர் தோம்பை எடுத்து வந்தார்.

“அம்மா வெள்ளிக்கிழமை காருக்குள்ள சூடம் காட்டுவாங்க,” என்றேன் நான். “அணையக் கூடாதுன்னு கண்ணாடிய ஏத்திக்குவாங்க. தம்பி சீட்டுல உக்காந்திருப்பான்.”

அண்ணன் தோம்பை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, புது கேஸுக்கான எண்ணெய் டின்னோடு திரும்பி வந்தார்.

புது கேஸில் கார் மாமா கார் அளவுக்குக் குளிரவில்லை. “சாமி கும்பிடுற வீடு, கொஞ்சம் வேர்த்துத்தான் போகணும்,” என்று மாமா சீண்டினார். எனக்கும் ஏமாற்றம்தான்.

பட்டறையில் நடந்ததை அப்பா சொன்னபோது அம்மா தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அன்று முழுக்க அவனை இறக்கவே இல்லை. அவனுக்கு மறுபடியும் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்றுதான் இருந்தது. நடக்காத ஒன்றை நினைத்து ஒருவர் அவ்வளவு பயப்பட முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது.

போன திங்கட்கிழமை திகாம் பத்துவில் கார் ஏசி பட்டறை ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். அவர்கள் கொடுத்த கையுறை பெரிதாக இருந்தது. நேற்று என் அளவுக்கு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டேன்.