அண்ணை, உங்கட போன் அடிக்குது

ஊரில் யுத்தம் முடிந்த அந்தக் கோடையில், நாங்கள் அகதியாய் வந்து குடியேறிய நாட்டில், எங்கள் தமிழ்த் திருச்சபையின் விளையாட்டு விழாவை வைப்பதா விடுவதா என்று பெரிய இழுபறி. பிள்ளைகளுக்காக வைப்போம் என்று கடைசியில் முடிவாயிற்று. ஹோர்சன்ஸில் ஒரு பள்ளிக்கூட மைதானம். சில்க்போர்க் ஊர் ஆட்களுக்கும் கிரின்ஸ்டெட் ஊர் ஆட்களுக்கும் ருண்ட்போல்ட் என்ற இந்த நாட்டு ஆட்டத்தில் போட்டி. பேஸ்போலுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தை அடித்துவிட்டு நாலு பேஸையும் சுற்றி ஓடவேண்டும். பேஸை விட்டு இறங்கியவரைப் பந்தால் தொட்டால் அவுட்.

நான் சில்க்போர்க். தோற்பதென்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் எப்படியாவது சுத்துமாத்துப் பண்ணுவேன். 'அளாப்பி' என்று என்னை முகத்துக்கு நேரேயே சொல்வார்கள், நானும் சிரிப்பேன்.

கடைசி ஆள் மூன்றாம் பேஸில் நின்றார். கிரின்ஸ்டெட்டில் தொழிற்சாலை வேலை செய்கிற ஒரு அண்ணை. அவர் ஓடி வந்து சேர்ந்தால் கிண்ணம் அவர்களுக்கு. பந்து எறிகிறவரிடம் இருக்கிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். அது அவருக்குப் பக்கத்தில் நின்ற என் கமக்கட்டுக்குள் இருந்தது. ஆனால் மனிசன் பேஸை விட்டு அசைந்தால்தானே!

எல்லாருடைய போன்களும் மரத்தடியில் உட்காருகிற வாங்கில் கிடந்தன. ஒருவரும் சத்தத்தைக் குறைக்கவில்லை. ஊரில் அகதி முகாமில் இருக்கிற சொந்தங்கள் யாருடையதோ போனை இரவல் வாங்கி ஒரு நிமிடம் எங்களுக்கு அழைப்பு எடுப்பார்கள். தவறவிட்டால் பிறகு எப்போது எடுப்பார்களோ தெரியாது. அண்ணையின் தம்பியைப் பற்றிச் சண்டை முடிந்ததிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"அண்ணை, உங்கட போன் அடிக்குது."

நான் சொல்லி வாய் மூடவில்லை, மனிசன் பறந்தார். பின்னாலே ஓடி முதுகில் பந்தை வைத்தேன். அவர் நிற்கவேயில்லை. வாங்கடிக்குப் போய், போனைத் தேடி எடுத்து, திரையைக்கூடப் பார்க்காமல் காதில் வைத்து, "ஹலோ, ஹலோ, தம்பி" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. "நீங்களெல்லாம் ஒரு மனிசனே?" என்றாள் என் மனைவி, அத்தனை பேருக்கும் முன்னால். நடுவராக நின்ற போதகருக்கு முகம் சிவந்துவிட்டது. "இது கணக்கில்லை. அவர் திரும்பப் பேஸில வந்து நிக்கட்டும்" என்றார்.

அண்ணை போனை மெல்ல வாங்கில் வைத்துவிட்டு வந்தார்.

"இல்லை பாஸ்ரர். பேஸை விட்டு இறங்கினது நான்தான். அவுட் எண்டா அவுட்."

சொன்னதோடு நிற்கவில்லை. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார், சும்மா ஒப்புக்கு அல்ல, இறுக்கிப் பிடித்து. சின்ன வயதிலிருந்து எத்தனை மைதானம் கண்டிருக்கிறேன், அப்படியொரு ஆட்டக்காரனை நான் கண்டதேயில்லை. கிண்ணம் எங்களுக்குத்தான் கிடைத்தது. எனக்கு அதைத் தொடவே கூச்சமாக இருந்தது.

பிறகு எல்லாரும் சாப்பாட்டுப் பக்கம் போனபோது அவர் வாங்கிலேயே இருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. நான் செய்தது மகா பிழை."

"விடும் தம்பி," என்றார். கையிலிருந்த போனைப் பார்த்தபடியே சொன்னார்: "பேஸிலயிருந்து இந்த வாங்கடிக்கு ஓடி வரேக்குள்ள அவன் எனக்கு உயிரோட இருந்தவன்."