கூப்பிடுகிற பெயர்

டீக்கடை ராஜாவிடம் துண்டுச் சீட்டை நீட்டிப் படிக்கச் சொல்கிறார் தன்யகுமார். "சாகுபடிப் பரப்பு" என்று வாசித்துவிட்டு, "அப்டின்னா?" என்கிறார் ராஜா. சீட்டு கசங்கிக் குப்பைக்குப் போகிறது. ராஜா விழித்தால் அந்தப் பெயர் தேறவில்லை, அவ்வளவுதான்.

வேங்கிக்காலில் ஒரு பயிர்க் காப்பீட்டு முகவர் அலுவலகத்தில் கணினி வேலை அவருக்கு. திரையில் டிடி1, டிடி2 என்று மொட்டையாக நிற்கும் கட்டங்களுக்குப் புரிகிற பெயர் வைப்பது தானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. கணினிக்கு உள்ளே இருக்கும் டிடி1, டிடி2 என்ற பெயரைத் தொடமாட்டார். "ரேஷன் கார்டுல ஒரு பேரு, வீட்ல கூப்புடற பேரு ஒண்ணு. ரெண்டும் இருந்துட்டுப் போவட்டுமே" என்பார். இதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு கொஞ்சம் ஜாஸ்திதான். இருக்கட்டுமே, ஆள் கெட்டிக்காரர்.

சமணக் குடும்பம். விளக்கு வைத்த பிறகு சாப்பிடமாட்டார். ஐந்தரைக்கு அவர் டப்பா திறக்கும் சத்தம் கேட்டால் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை.

அன்றும் டப்பாவில் கை வைத்தார். கீழ்பென்னாத்தூர் சின்னசாமி வந்து நின்றார். மழையில் போன நிலக்கடலைக்கான இழப்பீட்டுப் பட்டியல் மறுநாள் காலை போகிறது. அதில் அவர் பெயர் இல்லை.

"மல்லாட்ட மொத்தமும் அழுகிப்போச்சுங்க. மூணாம் நாளே வந்து எழுதிக் குடுத்தேன். லேட்டுன்னு தள்ளிட்டாங்க."

தன்யகுமார் திரையைப் பார்த்தார். மனு கொடுத்த நாளுக்கான டிடி1-இல், அதிகாரி வயலைப் பார்த்த நாளை ஏற்றியிருந்தார் பதிவு செய்யும் வேதா. கணக்கில் இருபது நாள் தாமதம். வேதாவின் முகம் வெளுத்துவிட்டது.

"எது எதுன்னு தெரில சார்..."

டிடி1, டிடி2 இரண்டுக்கும் பெயர் வைப்பதை ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டவர் தன்யகுமார்தான். சுருக்கென்றது.

"உம்மேல தப்பில்லம்மா. நாந்தான் பேரு வெக்கல. மனுக் கட்ட எடு, எல்லாத்தையும் பாத்துருவோம்."

சின்னசாமியைப் போல இன்னும் பதினொரு பேர். காகித மனுவில் இருந்த தேதியைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். பன்னிரண்டு பேரும் பட்டியலில் ஏறிய பிறகு, இரண்டு கட்டங்களுக்கும் பெயர் தட்டித் திரையைச் சின்னசாமி பக்கம் திருப்பினார்.

"படிங்க."

"மனு அளித்த நாள், களஆய்வு நாள்" என்று எழுத்துக்கூட்டிய சின்னசாமி, விரல் வைத்துக் கேட்டார்: "இது நான் எழுதிக் குடுத்த நாளு, அது ஆபீசர் நெலத்துக்கு வந்த நாளு. அப்டித்தானுங்களே?"

தன்யகுமார் தான் வைத்த இரண்டையும் அழித்துவிட்டு, சின்னசாமி சொன்னதையே தட்டினார். வெளியே தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. திறக்காத டப்பாவைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.