மதியச் சங்கு ஊதினால் வீட்டுக்குப் போனவர்

தேவநேசனின் மகள் ஜெபா போன் செய்தபோது நான் ஸ்ரீபெரும்புதூர் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். "ஆன்ட்டி, அப்பா போயிட்டாரு" என்றாள். பூனாவிலிருந்து பேசினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தனக்குச் சொன்னதை அப்படியே எனக்கும் சொன்னாள். காலையில் மாத்திரை நேரத்துக்கு அவருடைய போன் அடித்திருக்கிறது. அணைக்க ஆளில்லாமல் விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. சத்தம் பொறுக்காமல் எதிர்வீட்டு அம்மாள் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். நாற்காலியில் சாய்ந்தபடி அவர். எதிரே சுவரைப் பிடித்துக்கொண்டு, கையில் தண்ணீர்ச் சொம்புடன் அவர் மனைவி கிருபை. "முழுங்கிட்டுத் தூங்குயா" என்று சொல்லிக்கொண்டே நின்றாராம்.

நம் கம்பெனியில் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் எலக்ட்ரீஷியன் தேவநேசனைத் தெரியும். மதியச் சங்கு ஊதியதும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வராமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும் மனிதராகத் தெரியும். "பொண்டாட்டி மொகத்தப் பாக்காம சோறு எறங்காது" என்று கேலி செய்திருப்பீர்கள். அவரும் சிரித்துக்கொண்டே போயிருப்பார். அவர் ஏன் போனார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. முதலுதவி அறையில் நர்ஸாக இருந்ததால் எனக்குத் தெரியும். அவர் இருந்தவரை அதைச் சொல்ல விரும்பியதில்லை. இப்போது சொல்லாமல் விட்டால் அவரைப் பாதிதான் நினைத்துப் பார்த்ததாகும்.

1991ஆம் ஆண்டு என்றால் எங்கள் ஊரை நாடே வேறொரு காரணத்துக்காக நினைவு வைத்திருக்கிறது. எனக்கு அந்த ஆண்டு என்றால் ஒரு மரப்பெட்டிதான் முதலில் நினைவுக்கு வரும்.

அந்த ஆண்டுப் பொங்கல் கழிந்து ஒருநாள் தேவநேசன் என் அறை வாசலில் வந்து நின்றார். அப்போது அவர் சேரப்பணஞ்சேரியை விட்டு, வேலைக்குப் பக்கம் என்று சுங்குவார்சத்திரத்தில் வாடகை வீட்டுக்குக் குடிவந்திருந்தார். கிருபைக்கு வலிப்பு நோய். மாத்திரை தவறினால் வந்துவிடும். அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தபோது வந்து, ஒரு கை முழங்கை வரை வெந்துபோயிருந்தது. மாத்திரை போட்டோமா இல்லையா என்பதே அவருக்கு நினைவில் நிற்காது.

"நான் ஷிப்டுல கீறேன் சிஸ்டர். அவ வூட்ல தனியா கீறா. இடுப்புல கொயந்த வேற. மறக்காம போட வெக்கறதுக்கு இன்னா வழி?"

கூட ஒரு ஆளை வையுங்கள் என்றேன். ஆள் யாரும் இல்லை என்றார். இரண்டு வாரம் கழித்து அவரே ஒரு வழியோடு வந்தார்.

தெருவிளக்கையும் மோட்டாரையும் நேரத்துக்கு ஏற்றி அணைக்கும் டைம் சுவிட்ச்தான் நம் கம்பெனியில் செய்தோம். அதில் ஒன்றை, டெஸ்டிங்கில் கழித்துப் போட்டதை, சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். பழுது பார்த்து ஒரு டேப் ரிக்கார்டரோடு இணைத்தார். இரண்டையும் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்தார். மாத்திரை நேரம் வந்ததும் பெட்டி அவர் குரலில் பேசும்: "கிருபா, மாத்திரை போடு. தண்ணி நெறைய குடி." ஒருமுறை பேசிவிட்டுத் தானே நின்றுவிடும். சென்னைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் நெருங்கினால் வேறொரு கேசட் போடுவார். "நாளைக்கு ஆஸ்பத்திரி. பழைய சீட்ட எடுத்து வெய்யி" என்று அது சொல்லும்.

வேலை செய்தது. இரண்டு மூன்று மாதங்கள் கிருபைக்கு வலிப்பே வரவில்லை. மேனேஜர் கூப்பிட்டுக் கைகொடுத்தார். எங்களுக்கும் செய்து கொடு என்று ஆட்கள் கேட்டார்கள். பிரஸ் ஷாப் மாணிக்கம், சர்க்கரை வியாதிக்கார அப்பாவுக்காக ஒன்று வாங்கிப் போனார். இன்னும் சில வீடுகளுக்கும் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். கிருபை தட்டில் சோறு போட்டு உட்கார்ந்தபோது, அலமாரி மேல் இருந்த பெட்டி பேசியது. தேவநேசன் பக்கத்தில்தான் இருந்தார். "துன்னுட்டுப் போட்டுக்கலாம், உக்காரு" என்றார். கிருபை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"பெட்டி சொல்லிடிச்சே" என்றார்.

"நான்தான் இங்க கீறனே கிருபா."

கிருபை அவரைப் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார். மாத்திரையை எடுத்து விழுங்கினார். தேவநேசன் சிரித்தார். எனக்கு அந்தச் சோறு இறங்கவில்லை. காரணம் கேட்டிருந்தால் அன்று சொல்லத் தெரிந்திருக்காது.

கோடை வந்தது. கரண்ட் அடிக்கடி போய்ப் போய் வந்தது. கிருபையின் நடை தள்ளாட ஆரம்பித்தது. குழாயடியில் குடத்தோடு விழுந்தார். பேச்சு குழறியது. ஒருநாள் குழந்தை இடுப்பிலிருந்து நழுவியது. தெருப் பெண்கள் ஏதோ அண்டியிருக்கிறது என்றார்கள். போதகர் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். "வியாதி முத்துதோ இன்னாவோ சிஸ்டர், அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குத் தேதி கீது, கேட்டுடலாம்" என்றார் தேவநேசன். அதே மூச்சில், "மாத்திரை வேற மாசம் முடியறதுக்குள்ள தீந்து பூடுது. எலி தூக்கிகினு போவுதுபோல" என்றார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்த ஒரு மத்தியானம். கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. கம்பெனியில் உற்பத்தி லைன் நின்று நின்று ஓடியது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பையன்கள் விசில் அடித்தார்கள். தேவநேசன் விரலில் வெட்டுக்காயத்தோடு என் அறைக்கு வந்தார். நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் மின்விசிறி நின்றது, மறுபடி சுற்றியது. அவர் அதை அண்ணாந்து பார்த்தார். அதன்பின் கண்ணை எடுக்கவே இல்லை.

"கரண்டு போய் வந்தா அது மொதல்லேருந்து ஆரம்பிக்கும்" என்றார்.

"எதுண்ணா?"

"பெட்டி. பேசிட்டமான்னு அதுக்குத் தெரியாது சிஸ்டர்."

அதற்குள் விசிறி மறுபடியும் நின்று சுற்றியது. அவர் வீட்டுக்கும் கம்பெனிக்கும் ஒரே கரண்ட் லைன். தீர்ந்துபோகும் மாத்திரையும் தள்ளாடும் நடையும் அப்போதுதான் என் மனதில் ஒன்றுசேர்ந்தன. கட்டு பாதியில் தொங்க, கம்பெனி வேனை நோக்கி ஓடினார். நானும் பையை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

வழியில் அவர் சாலையோரக் கடைகளில் பல்பு எரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு டீக்கடையில் எரிந்தது. அடுத்ததற்கு வருவதற்குள் அணைந்தது. பிறகு வரிசையாக எல்லாக் கடைகளிலும் எரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வேன் அவர் தெருமுனையில் நின்றது. நாங்கள் இறங்கி நடக்கும்போதே கேட்டது. தேவநேசன் என் பக்கத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு வந்துகொண்டிருக்கிறார். அவர் குரல் வீட்டுக்குள்ளிருந்து, நிதானமாக, அன்பாக வருகிறது. "கிருபா, மாத்திரை போடு. தண்ணி நெறைய குடி."

கிருபை தரையில் சுவரில் சாய்ந்து கிடந்தார். மடியெல்லாம் தண்ணீர். கண்மணிகள் ஓரிடத்தில் நிற்காமல் துடித்தன. ஒரு கை மாத்திரைப் பட்டையைப் பிய்க்க முயன்றுகொண்டிருந்தது. குழந்தை மூலையில் அழுது ஓய்ந்துபோயிருந்தது.

"தோ... போடறன்யா" என்றார், அலமாரியைப் பார்த்து. "எத்தினி வாட்டிதான் சொல்லுவ..."

தேவநேசன் அவர் கையிலிருந்த பட்டையைப் பிடுங்கினார். பெட்டியைத் தரையில் போட்டு மிதித்தார். பிறகு மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

கிருபை பிழைத்தார். ஆனால் கால் பழையபடி நிலைகொள்ளவில்லை, நாக்கும் முழுதாகத் திரும்பவில்லை. இன்றுவரை சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் தேவநேசன் அழவில்லை. என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "சொல்றதுக்கு ஒண்ணு செஞ்சேன் சிஸ்டர். பாக்கறதுக்கு யாரையும் வெக்கல."

மனைவியை வீட்டில் சேர்த்த கையோடு, தான் செய்துகொடுத்த பெட்டிகளைத் தேடிப் போனார். மற்றவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மாணிக்கம் மட்டும் கொடுக்கவில்லை. "நல்லாத்தான ஓடுது? உன் வூட்ல ஆச்சுன்னா எங்கப்பனுக்கும் ஆவுமா?" என்றார். அன்றிலிருந்து தேவநேசன் தினமும் சாயங்காலம் மாணிக்கம் வீட்டுக்குப் போனார். மாணிக்கத்துக்கு எரிச்சல். தேவநேசன் கிழவரின் எதிரே போய் உட்காருவார், ஏதாவது பேசுவார். ஒருநாள் கிழவர் காலை இழுத்து வைத்துக்கொள்வதைப் பார்த்து, போர்வையை விலக்கினார். கால்விரல்கள் கறுத்திருந்தன. பாய்க்கடியில் பிரிக்காத மாத்திரைகள் குவிந்திருந்தன. வயிற்றைப் புரட்டுகிறது என்று அவர் ஒன்றையும் போடவில்லை. பெட்டி பேசும்போதெல்லாம் "ஆச்சு, ஆச்சு" என்று பதில் மட்டும் சொல்லியிருக்கிறார்.

"தெனம் சொல்லிச்சேடா" என்று மாணிக்கம் தலையில் அடித்துக்கொண்டார்.

"சொல்லிச்சி. நீ பாத்தியா?" என்றார் தேவநேசன். கோபமாகக் கேட்கவில்லை. தன்னையே கேட்டதுபோல் இருந்தது. கிழவர் ஒரு பாதத்தை இழந்தார். அந்தப் பெட்டியை மாணிக்கமே கொண்டுவந்து கொடுத்தார்.

மதியச் சங்குக்கு அவர் சைக்கிள் கேட்டைத் தாண்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஷிப்ட் வேண்டாம், பகல் வேலை போதும் என்று எழுதிக் கொடுத்தார். ஓவர்டைம் பார்க்கவில்லை, பதவி உயர்வும் வரவில்லை. பின்னால் ஒரகடத்தில் பெரிய பெரிய கம்பெனிகள் வந்து, கூடச் சம்பளத்துக்குக் கூப்பிட்டபோதும் போகவில்லை. "மத்தியானத்துக்கு வூட்டுக்கு வந்து திரும்ப முடியாது சிஸ்டர்" என்றார். வீட்டுக்குப் போய் மாத்திரையைத் தன் கையால் கொடுத்து, கிருபை விழுங்கும்வரை எதிரே நிற்பார். வாயைத் திறந்து காட்டச் சொல்வார். கிருபை நாக்கை நீட்டிக் காட்டுவார். ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான்.

அவருக்கே இதய நோய் வந்தபோது ஜெபா போனில் அலாரம் வைத்துக் கொடுத்தாள். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். "இருக்கட்டும். அது என்னக் கூப்பிடட்டும், நான் அவளக் கூப்பிடறேன். நடுவுல ஒரு ஆள் இருந்தா போதும்" என்றார். இந்தக் கடைசி வருடங்களில் அவர் முகத்தில் ஒரு பயம் இருந்தது. சாவைப் பற்றியது அல்ல. நடுவில் இருக்கும் அந்த ஆள் தானில்லாமல் போகும் நாளைப் பற்றியது.

அந்த நாள் வந்துவிட்டது. அடக்கம் முடிந்த மறுநாள் ஜெபா அம்மாவைத் தன்னோடு வரச்சொல்லிக் கெஞ்சினாள். கிருபை வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார். "நான் அங்கேருந்து போன்லயே தெனம் சொல்றேன் ஆன்ட்டி. கேமராவும் வெச்சிடறேன்" என்றாள் ஜெபா. கண்களில் தூக்கமில்லை. வை என்றேன். அவளால் செய்ய முடிந்தது அது.

தேவநேசனிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த மதிய நேரத்தை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரத்துக்கு பஸ் நிறைய. எனக்கும் முழங்கால் வலிக்கிறது, எத்தனை காலம் முடியும் என்று தெரியவில்லை. நேற்று போனபோது கிருபை கதவருகில் சுவரைப் பிடித்து நின்றிருந்தார். என் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். மாத்திரையைக் கொடுத்தேன். வாங்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"யாரு சொல்லி வந்த?" என்று குழறலாகக் கேட்டார்.

"யாரும் சொல்லல. நானாத்தான் வந்தேன்."

மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினார்.