பந்தைத் தொடாதவர்களின் வாத்தியார்

என்னுடைய பயிற்சியில் எங்கள் கல்லூரி றகர் அணி முதன்முதலாக முழு மூச்சுடன் தள்ளியது, தன்னுடைய எல்லைக்கோட்டை நோக்கித்தான். இதை வேறு யாராவது உங்களுக்கு எழுதிப் போடுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

ரக்பி என்றும் சொல்கிற இந்த றகரில் இரு பக்கமும் எட்டு எட்டுப் பேர் குனிந்து, தலைகளைக் கோத்து, தோளோடு தோள் முட்டி நிற்பார்கள். நடுவில் பந்து உருளும். தள்ளி வென்றவர்கள் அதைக் காலால் பின்னுக்கு அனுப்ப, அங்கே காத்திருக்கும் ஒல்லிப் பையன்கள் தூக்கிக்கொண்டு ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் நிலத்தில் அழுத்திப் புள்ளியும் கைதட்டும் வாங்குவார்கள். இந்த முட்டலுக்கு ஸ்கிறம் என்று பெயர். முட்டுகிற எட்டுப் பேருக்கு வாத்தியார் நான். கேத்திரகணிதம் படிப்பிக்கிற மூளை சும்மா இருக்குமா? கரும்பலகையில் விசைகளை வரைந்து, பலசாலிகள் அத்தனை பேரையும் வலப்பக்கம் நிறுத்தினேன். ஸ்கிறம் ஆட்டுக்கல் குழவிபோலச் சுழன்று அரைவட்டம் போட்டது. குனிந்த தலைகளுக்குத் திசை தெரியவில்லை. பையன்கள் வீரத்துடன் தங்கள் எல்லைக்கோட்டையே தாண்டினார்கள். எதிரணிப் பையன் ஒருவன் நோகாமல் பந்தின்மேல் படுத்துக்கொண்டான்.

இந்த உத்தியோகம் எனக்கு வாய்த்த விதமும் அப்படித்தான். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலேறி, தண்டவாளம் முடிகிற பதுளையில் வந்து இறங்கினேன். அதிபர் என் பட்டத்தைப் பார்க்கவில்லை. என் சுற்றளவைப் பார்த்தார். றகர் பிரிவுக்குத் தலைவர் பீற்றர் மாஸ்டர் என்கிற பறங்கியர். ஓடுகிற பையன்கள் அவருக்கு, தள்ளுகிறவர்கள் எனக்கு என்று பாகப்பிரிவினை நடந்தது.

ஊர் பழகத்தான் நாள் பிடித்தது. நம்மூரில் குடை வெயிலுக்கானது. இங்கேயோ பளிச்சென்ற காலையிலும் ஆளுக்கொரு குடையோடு போகிறார்கள். இடமாற்றம் இன்றோ நாளையோ வந்துவிடும், பிறகு எதற்குக் குடை என்று நான் வாங்காமலே இருந்தேன். மாற்றம் வரவில்லை. மழை தவறாமல் வந்தது.

நனைந்துகொண்டு பயிற்சி பார்த்த ஒரு மாலையில்தான் எங்கள் கோயில் தேர் நினைவுக்கு வந்தது. முன்னால் வடம் பிடிப்பவர்கள் திரும்பிப் பார்த்தால் சுவாமி தெரியும். பின்னால் தோள் கொடுத்துத் தள்ளுகிற எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் எண்ணெய் ஊறிய மரமும் முன்னவன் முதுகும்தான். ஆனாலும் ஒருவர் ‘அரோகரா’ என்று குரல் கொடுத்தால், அந்த ஒரு கணத்தில் அத்தனை தோளும் ஒன்றாகும், அசையாத தேர் அசையும். என் கரும்பலகையில் இல்லாதது அந்தக் கணம்தான். மறுநாள் பையன்களிடம் இதை ஆங்கிலத்தில் நீட்டி முழக்கத் தொடங்கினேன். இரண்டாம் வரிசைச் சிங்களப் பையன் இடைமறித்து, “கதரகம யனவாத சேர்?” என்று கேட்டான். கதிர்காமத்துக்கா போகிறோம் என்கிறான். சிங்களவரும் அரோகரா சொல்லிப் போகிற அந்த முருகன் கோயிலுக்குப் போய் வந்தவனுக்கு நான் அரோகரா படிப்பித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று என்னைவிட அவன் குரல்தான் மலையில் மோதித் திரும்பியது.

முன்வரிசையில் என் தூண் முத்துவேல். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பையன், கணக்கில் புலி. கண்டிப் பக்கத்து அணி வருவதற்கு முந்திய வாரம் அவனுடைய தகப்பன் சின்னையா கங்காணி விடுதிக்கு வந்தார். மகன் ஒவ்வொரு லீவிலும் காது கிழிந்து வருகிறான், ஆனால் பந்தையே தொடுவதில்லையாம் என்றார். தோட்டத்து ஃபெக்டரியில் வேலைக்குப் பேர் பதியச் சொல்லி வைத்திருக்கிறாராம்.

“அவன்தான் எங்கடை அத்திவாரம், கங்காணியார்” என்றேன்.

“அஸ்திவாரத்த மண்ணுக்குள்ளதானே பொதைப்பாங்க?” என்றார். “சனிக்கெழம வந்து பாக்குறேங்க. அவன் செய்யிறதும் ஒரு வேலதான்னு தெரிஞ்சா இருக்கட்டும். இல்லாட்டி பொட்டியோட கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்.”

சனிக்கிழமை மழை ஊற்றியது. மைதானம் சேற்று வயல். கண்டிப் பக்கத்து ஆசிரியர்கள் பெரிய கறுப்புக் குடைகளோடு எதிர்க்கரையில் நின்றார்கள். எங்கள் கரையில் கங்காணி, தலையில் மழைக்குக் கவிழ்த்த கம்பளிக் கொங்காணி, பக்கத்தில் மகனுடைய டிரங்குப் பெட்டி. அதைப் பார்த்தபின் எனக்கு ஆட்டத்தில் கண் நிலைக்கவில்லை. பீற்றர் மாஸ்டரின் ஓட்டக்காரர்கள் சேற்றில் வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். ஆட்டம் முடியப்போகிற நேரம் நாங்கள் பின்தங்கியிருந்தோம். அப்போது எதிரணியின் கோட்டுக்குக் கிட்ட ஒரு ஸ்கிறம் கிடைத்தது. பந்தைப் பின்னுக்குத் தரச்சொல்லிப் பீற்றர் மாஸ்டர் கத்தினார். நான் தரவேண்டாம் என்று கத்தினேன்.

முத்துவேல்தான் குரல் கொடுத்தான். “அரோகரா!” ஒரு சாண் நகர்ந்தது. இன்னொரு தரம். கரையில் நின்ற தோட்டத்துச் சனம் சேர்ந்துகொண்டது. வடை விற்ற சிங்களப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். எதிரணிக் கால்கள் சேற்றை உழுதுகொண்டு பின்னே போயின. நான் எப்போது ஓடத் தொடங்கினேன், எங்கே நின்றேன், ஒன்றும் தெரியாது. மழை என்மேல் பட்டதாகக்கூட நினைவில்லை. தேர் அசைந்துவிட்டது, அவ்வளவுதான் தெரியும். எட்டுப் பேரும் பந்தோடு கோட்டைத் தாண்டிக் குவியலாக விழுந்தார்கள். நடுவராக வந்திருந்த, தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத்துரை ஒவ்வொருவராய்ப் பிரித்தெடுத்தார். அடியில் பந்தைக் கட்டிப்பிடித்தபடி ஒரு சேற்றுருண்டை கிடந்தது. சின்னத்துரை விசில் ஊதினார். வென்றுவிட்டோம். பீற்றர் மாஸ்டர் ஓடிப்போய், தூரத்தில் கைகட்டி நின்ற தன் ஓட்டக்காரனைக் கட்டிப்பிடித்தார்.

நான் கங்காணியைத் தேடிப் போனேன். டிரங்குப் பெட்டியை விடுதிப் பக்கம் தூக்கிக்கொண்டு போகும்படி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அடியில் கிடந்தது உங்கள் மகன்தான் என்றேன்.

“அப்பிடிங்களா? எல்லாம் ஒரே சேறு, எம் மவன் எவன்னு கடேசி வரைக்கும் தெரியலிங்க. ஆனா ஒருத்தனும் சும்மா இல்ல. இருந்து படிக்கட்டும்.” கொங்காணியை உதறிப் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க மட்டுந்தான் மாஸ்டர் நல்லாத் தெரிஞ்சீங்க. அந்தக் கண்டி மாஸ்டருங்க கொடைக்குள்ள நின்னுக்கிட்டு நம்மளுக்காகக் கத்துனீங்க.”