கடிக்காமல் இருந்த கருப்பசாமி

அங்கன்வாடி வேலை என்றால் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது என்று ஊர் நினைக்கிறது. பிள்ளைகளின் கையையும் வாயையும் அடக்குவதுதான் அது என்று, தோழர்களே, நமக்குத்தான் தெரியும். எத்தனையோ மறியலில் போலீசுக்கு அடங்காத என்னை, ராஜபாளையத்தில் நாலு வயதுக்காரன் ஒருவன் அடக்கினான்.

பேச்சுவார்த்தை

கருப்பசாமி, தன் முன்னால் யார் எதை எடுத்தாலும் கடிப்பான். பல் தடம் பதிந்த பிள்ளைகளின் பெற்றோர் திரண்டு வந்து, "அவனை நிறுத்துங்க" என்றார்கள். இத்தனை காலம் கெடு விதித்தவள் நான். அன்று ஒரு வாரம் கெடு கேட்டு நின்றேன். அவன் அம்மா மாரிச்செல்வி நூல் மில்லில் பகல் ஷிப்ட். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இவன் வீட்ல இருந்தா நான் வேலைக்குப் போக முடியாது டீச்சர். அடுப்புல பூனைதான் படுக்கும்."

கோஷம்

எல்லார் தட்டிலும் முட்டை விழுந்த பிறகே சாப்பிட வேண்டும் என்பது எங்கள் சட்டம். அதுவரை கையைச் சும்மா விட்டால்தானே வம்பு? முஷ்டியை உயர்த்தி, "பொறுப்போம்! பொறுப்போம்!" என்று கோஷம் போடப் பழக்கினேன். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். நன்றாகவே நடந்தது. ஒருநாள் முட்டை வேகத் தாமதமானது. கோஷத்தோடு எழுந்த படை அடுப்படிக்குள் போய், சமைக்கும் பேச்சியம்மாளைச் சுற்றி வளைத்துவிட்டது. அவள் கரண்டியோடு கத்தினாள்: "ஏன் டீச்சர், நீங்க பிள்ளை வளக்கீகளா, போராட்டத்துக்கு ஆள் சேக்கீகளா?"

பால்கோவாப் பரீட்சை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்பார்வை அம்மா வந்தார், பால்கோவாவோடு. ஆளுக்கு ஒரு துண்டு வைத்து, "நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இன்னொன்று" என்று சொல்லி வெளியே போனார். வாசலைத் தாண்டுவதற்குள் எல்லாம் காலி. "சுயகட்டுப்பாடே இல்லையே!" என்று வருந்தினார். அவருடைய அலுவலகத்தின் வாக்குறுதிகளை நம்பி நாம் காத்திருந்ததை நினைத்துக்கொண்டேன். பிள்ளைகளில் வாயாடியான ஜெனிபர் வாயைத் துடைத்தபடி விளக்கினாள்: "போன தடவ பொம்மை கொண்டாரேன்னீக. கொண்டாரவே இல்லைல்லா?"

கெடு முடிந்த மத்தியானம்

பெற்றோர் வந்து சுவரோரம் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து ஜெனிபர், கருப்பசாமியின் தட்டிலிருந்த முட்டையை எடுத்துவிட்டாள். அவன் வாய் திறந்தது. அவள் தோளருகே போனது. மாரிச்செல்வி முகத்தை மூடிக்கொண்டாள். அவனோ, "கடிக்கப்படாது, கடிக்கப்படாது" என்று தனக்குத்தானே முனகி, தன் சட்டைக் காலரை வாயில் திணித்து நறநறவென்று கடித்தான். பட்டன் தெறித்தது. ஜெனிபர் பயந்து முட்டையைத் திருப்பி வைத்தாள். முதலில் புகார் சொன்ன தகப்பனார்தான் வாய் திறந்தார்: "எங்க மாமனார்கிட்ட எனக்கு இம்புட்டுப் பொறுமை கிடையாது டீச்சர். இருக்கட்டும் பய."

இன்று கருப்பசாமியின் ஒரு சட்டைக்கும் காலர் கிடையாது, அவன் அம்மாவுக்கு வேலை இருக்கிறது. என் போராட்ட வாழ்க்கையில் முழுசாக நிறைவேறிய ஒரே கோரிக்கை இதுதான்.