நான் வெட்டிய கடைசிப் பாரா

போன வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில், துறையூர் வழியாக உப்பிலியபுரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் நான். மடியில் ஒரு மஞ்சள் பை. உள்ளே வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு பூவன் பழம், நாலு முழம் மல்லிகைப்பூ, குங்குமம். கூடவே, கையால் எழுதிய ஒரு அரைப்பக்கத் தாள்.

பத்திரிகை ஆசிரியர் ஊருக்குப் போகிற லட்சணமா இது? பக்கத்து சீட்டுக்காரர் என்னைக் கல்யாணத் தரகர் என்றே முடிவு கட்டிவிட்டார். அண்ணன் பையனுக்கு எம்.சி.ஏ. படித்த பெண் ஏதாவது கைவசம் இருக்கிறதா என்று மண்ணச்சநல்லூர் வரை விசாரித்துக்கொண்டே வந்தார். நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்.

உண்மை என்னவென்றால்... நான் ஒரு கதையின் கடைசிப் பாராவை வெட்டிவிட்டேன். வெட்டிய பாராவைச் சேர வேண்டிய இடத்தில் சேர்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

காந்தி மார்க்கெட்டில் வாழை இலை மண்டி வைத்திருப்பவர் பாக்கியலட்சுமி. ஐம்பது வயதிருக்கும். இரண்டு மாதத்துக்கு முன்னால் மன்னார்புரத்தில் இருக்கும் நம் அலுவலகத்துக்கு நேரில் வந்து, ஒரு கதையை என் மேஜை மேல் வைத்தார். வாழ்க்கையில் எழுதிய முதல் கதை. தபாலில் அனுப்பியிருக்கலாமே அம்மா என்றேன். தொலைந்து போனால் நீங்களா திரும்ப எழுதித் தருவீர்கள் என்று கேட்டார். நியாயம்தானே? வாங்கி வைத்துக்கொண்டேன்.

கதை ஒரு அக்கா - தங்கை சண்டை. தங்கை புது வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைக்கிறாள். ஊரையெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவள், அக்கா மங்கைக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்புகிறாள். 'நம்ம அக்காதானே, அவளுக்கு என்ன ஃபார்மாலிட்டி?' என்ற உரிமையில். மங்கையோ, 'ஊருக்கெல்லாம் நேரில், எனக்கு மட்டும் போனிலா?' என்று கொதித்துப் போகிறாள். விசேஷத்துக்குப் போகவில்லை. ஆறு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. இப்போது மங்கையின் மகளுக்கு வளைகாப்பு...

இதெல்லாம் நமக்குப் புதுசா, சொல்லுங்கள்? நம் ஊரில் பாதிக் குடும்பங்கள் பிரிந்தது சொத்துத் தகராறில் இல்லை. அழைப்புத் தகராறில்தான். யார் நேரில் வந்து அழைத்தார்கள், யார் போனில் முடித்துக்கொண்டார்கள், யார் வந்தும் உட்காராமல் போனார்கள்... உங்கள் வீட்டிலும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இந்த வகையில் முறுக்கிக்கொண்டு இருப்பாரே? எங்கள் வீட்டில் மூன்று பேர்.

கதை எனக்குப் பிடித்திருந்தது. போன வார இதழில் சேர்த்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இதழை அச்சுக்கு அனுப்ப வேண்டும். அந்த நேரம் பார்த்து, கால் பக்க விளம்பரம் கேட்டிருந்தவர்கள் அரைப் பக்கமாக அனுப்பி வைத்தார்கள். நம் லே-அவுட் ஆர்ட்டிஸ்ட் மாலதி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, கதையில் பதினாலு வரி எடுத்தாக வேண்டும் சார் என்றார்.

எனக்கு ஒரு கொள்கை உண்டு. முதல் கதை எழுதுகிறவர்கள் கடைசிப் பாராவில் எல்லோரையும் கட்டிப்பிடித்து அழ வைத்து, மன்னிப்புக் கேட்க வைத்து, சுபம் போட்டுத்தான் ஓய்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாராவை எடுத்தால் கதை தேறிவிடும். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான் பிழைப்பு ஓடுகிறது. பாக்கியலட்சுமியின் கதையிலும் அதேதான். கடைசிப் பாராவில் மங்கை தாம்பூலத் தட்டோடு முதல் பஸ் ஏறித் தங்கை வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். 'தப்பு என் மேலதான். நீ வந்து முதல் வளையல் போட்டாத்தான் என் பொண்ணுக்கு வளைகாப்பு' என்கிறாள்.

அடடா, சினிமா மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். வெட்டினேன். கணக்காகப் பதினாலு வரி.

எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றார் மாலதி. கேட்டால் வேண்டாம் என்பார்கள், அதனால்தான் கேட்கக் கூடாது என்றேன். என்ன திமிர் பாருங்கள்!

அச்சான கதை இப்படி முடிந்தது: 'மங்கை போனை எடுத்தாள். தங்கையின் நம்பர் வரைக்கும் போனாள். பிறகு போனை அணைத்துவிட்டு இலை அடுக்கப் போனாள்.'

வியாழக்கிழமை காலை இதழ் கடைக்கு வந்தது. பத்து மணிக்குள் இரண்டு வாசகர்கள் போன் செய்து, முடிவு பிரமாதம் சார் என்றார்கள். நான் நாற்காலியில் கொஞ்சம் நன்றாகவே சாய்ந்துகொண்டேன். பதினோரு மணிக்கு பாக்கியலட்சுமி வந்தார்.

சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. இதழை விரித்துக் கதையின் கடைசி வரிமேல் விரலை வைத்தார்.

"இதுக்கப்புறம் ஒரு பாரா இருந்துச்சே சார். அது எங்க?"

நான் இடப் பற்றாக்குறை, கலை நயம், வாசகர் ஊகத்துக்கு விடுவது என்று என்னென்னவோ சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"கதை இல்லைங்க சார் அது. மங்கை நான்தான். என் தங்கச்சி வசந்தா உப்பிலியபுரத்துல இருக்கா. வாராவாரம் உங்க புக்கைத்தான் படிப்பா. போன் பண்ண எனக்கு வாய் வரல, நேர்ல போகக் கால் வரல. அந்தக் கடைசிப் பாராவைப் படிச்சா நானே வந்து கூப்பிட்ட மாதிரி எடுத்துக்குவான்னுதான் எழுதினேன். ஞாயித்துக்கிழமை பொண்ணுக்கு வளைகாப்பு. இப்ப அவ என்னத்தைப் படிப்பா? அக்கா போனை அணைச்சிட்டு இலை அடுக்கப் போயிட்டா. அதானே?"

பதினாலு வரி என்று நான் எண்ணியது, இந்த அம்மா ஆறு வருஷம் கழித்துத் தங்கைக்கு வைத்த அழைப்பு. அடுத்த வியாழக்கிழமை முழுசாகப் போட்டுவிடுகிறேன் அம்மா என்றேன். வளைகாப்பு இந்த ஞாயிற்றுக்கிழமை என்றார். அப்படியானால் நானே உங்கள் தங்கைக்குப் போன் செய்து விளக்கிவிடுகிறேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன்ல கூப்பிட்டுத்தான் சார் இந்தச் சண்டையே வந்துச்சு."

போய்விட்டார். கண் கலங்கியிருந்தது. நான் பார்த்துவிடக் கூடாதென்று வேகமாகப் போனார்.

சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்குப் போய் மனைவி கமலாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். கையெழுத்துப் பிரதியில் அந்தப் பாரா இருக்கிறதா, கிழித்துப் போட்டுவிட்டீர்களா என்று மட்டும் கேட்டாள். இருந்தது. அப்படியென்றால் நாளைக்கு முதல் வேலையாக நேரில் கொண்டு போய்க் கொடுங்கள் என்றாள். தெற்கு வாசல் கடைகளுக்கு அவளே போய்ப் பூவும் பழமும் வெற்றிலையும் வாங்கி வந்தாள். அவள் டீச்சர், பரீட்சை நேரம், கூட வர முடியாது. "வெறுங்கையோட போய் நிக்காதீங்க. நீங்க பாரா கொடுக்கப் போகல, அழைக்கப் போறீங்க" என்றாள். என்னைவிட நல்ல எடிட்டர் வீட்டில் இருக்கிறார்.

ஆக, மஞ்சள் பையோடு உப்பிலியபுரம்.

சந்தாதாரர் பட்டியலில் முகவரி இருந்தது. வசந்தாவின் வீட்டைக் கண்டுபிடித்தால்... பூட்டு! பக்கத்து வீட்டு வாசலில் மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்மணியிடம் விசாரித்தேன். வசந்தா நேற்று ராத்திரி பத்திரிகையில் ஏதோ கதை படித்தாராம். அதிலிருந்து யாரோடும் சரியாகப் பேசவில்லையாம். காலையில் முதல் பஸ்ஸில் திருச்சிக்குப் போய்விட்டாராம். "அக்கா என்ன நெனச்சுக்கிட்டு எழுதியிருக்கா, நேர்லயே கேட்டுட்டு வரேன்னு போனாங்க. செம கோவம்" என்றார்.

போன் போட்டுக் கொடுங்கள் அம்மா என்று கெஞ்சினேன். போட்டார். பூட்டிய வீட்டுக்குள்ளே மணி அடித்தது. போனைக்கூட மறந்துவிட்டுப் போகிற கோபம்! பாக்கியலட்சுமிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். எடுக்கவில்லை.

திரும்பி வந்த பஸ் பயணம் இருக்கிறதே... எதிரிக்கும் வேண்டாம். ஆறு வருஷச் சண்டை தானாக ஆறிக்கொண்டிருந்தது. நான் பெரிய ஆசிரியர் என்று கத்தியை வைத்து அதைக் கிளறிவிட்டேன். மார்க்கெட் நடுவில் இரண்டு பேரும் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற காட்சி கண் முன்னால் வந்து வந்து போனது. வளைகாப்புப் பெண்ணை நினைத்தால்தான் மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஒன்றரை மணிக்கு காந்தி மார்க்கெட்டுக்குள் ஓட்டமும் நடையுமாகப் போனேன். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் என்மேல் மோதி, வழியைப் பார்த்துப் போங்க சார் என்று அதட்டினார். இலை மண்டியை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. இரண்டு பெண் குரல்.

சண்டைதான். சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு பேரும் எதிரெதிரே பலகையில் உட்கார்ந்துகொண்டு, நடுவில் இலைக்கட்டைப் பிரித்துப் போட்டு, கிழிந்ததைத் தனியாகவும் நல்லதைத் தனியாகவும் ஒதுக்கிக்கொண்டே சண்டை போட்டார்கள். வாய் ஓய்வதாக இல்லை, கையும் ஓயவில்லை.

என்னைப் பார்த்ததும் பாக்கியலட்சுமி, இவர்தான் பத்திரிகைக்காரர் என்று அறிமுகம் செய்தார். வசந்தா உடனே என்னிடம் நியாயம் கேட்டார்.

"நீங்களே சொல்லுங்க சார். என் வீட்டுக் கிரகப்பிரவேசத்துல கேசரி அடிப்பிடிச்சிருச்சுன்னு கதையில எழுதியிருக்கா. அது உண்மைதான். ஆனா இவதான் வரவே இல்லையே, இவளுக்கு எப்படித் தெரியும்? வந்துட்டுப் போன ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டிருக்கா. வீட்டுக்கு என்ன பெயின்ட், எத்தனை பேர் சாப்பிட்டாங்க, நான் என்ன புடவை கட்டியிருந்தேன்... எல்லாம் கதையில இருக்கு. இவ்வளவையும் கேட்கத் தெரிஞ்சவளுக்கு ஒரு எட்டு வரத் தெரியலையா?"

பாக்கியலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு இலையை எண்ணினார். எண்ணிய கட்டையே மறுபடி எண்ணினார்.

நான் கும்பிட்டு என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். கதை அங்கே முடியவில்லை அம்மா, நான் வெட்டியதுதான் என்று சொல்லி, பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து வசந்தாவிடம் கொடுத்தேன். அவர் வாங்கிப் படித்தார். இரண்டு தரம் படித்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு... சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு.

"நல்லவேளை சார், இதை நீங்க போடல. எங்கக்காவாவது, தப்பு என் மேலதான்னு சொல்றதாவது! இதைப் படிச்சிருந்தேன்னா, யாரோ எழுதிக் கொடுத்து இவ பேரைப் போட்டுக்கிட்டான்னு நெனச்சுக் கம்முனு இருந்திருப்பேன். நம்பர் வரைக்கும் போயிட்டு போனை அணைச்சா பாருங்க, அதுதான் எங்கக்கா. ஆறு வருஷமா நானும் அதையேதான் சார் பண்ணிக்கிட்டு இருந்தேன்."



பாக்கியலட்சுமி எழுந்தார். கட்டிலிருந்து நல்ல நுனி இலையாக ஒன்றை உருவினார். என் பையைக் கேட்காமலேயே வாங்கி, வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாவற்றையும் அந்த இலையில் எடுத்து வைத்தார். தங்கை நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு, இலையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஞாயித்துக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு. வந்துரு."

மன்னிப்பு? மூச்! அந்த வார்த்தை கடைசி வரைக்கும் அவர் வாயிலிருந்து வரவில்லை. வசந்தாவும் அதைக் கேட்கவில்லை. இலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், அவ்வளவுதான். அக்காவும் தங்கையும் சேர்ந்து எழுதிய இந்த முடிவு, பாக்கியலட்சுமி எழுதியதையும்விட நன்றாக இருந்தது. நான் வெட்டி வைத்த முடிவையும்விட நன்றாக இருந்தது.

அதனால் என் கொள்கை ஜெயித்துவிட்டது என்று துள்ளினேனா? துள்ளவில்லை. குருட்டாம்போக்கில் தப்பித்திருக்கிறேன். இனிமேல் எழுதியவரைக் கேட்காமல் ஒரு வரியையும் தொடுவதில்லை என்று மாலதியிடம் சொல்லிவிட்டேன். மாலதி நம்பவில்லை. சுவரில் எழுதி ஒட்டிவிடலாமா சார் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கமலாவும் வளைகாப்புக்குப் போனோம். முதல் வளையலைச் சித்தி வசந்தாதான் போட்டார். எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம் என்று இலை நிறையப் போட்டார்கள். கேசரியும் இருந்தது. அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வசந்தாவே அடுப்படியில் நின்றாராம். எங்களைப் பற்றித் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள் சார் என்று இரண்டு பேரும் அனுமதியும் கொடுத்தார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

கிளம்பும்போது வசந்தா ஒரு கவரை என் கையில் திணித்தார். வெள்ளிக்கிழமை ராத்திரியே எழுதி முடித்தாராம். அதே கிரகப்பிரவேசம், அதே சண்டை... தங்கை பக்கத்து நியாயம், பதினோரு பக்கத்தில். முழுசாப் போடுவீங்கல்ல சார் என்று தங்கை ஒரு பக்கம். அப்படி என்னத்தை எழுதியிருக்கா என்று அக்கா மறு பக்கம்.

இந்த இதழில் நாற்பதாம் பக்கம் பாருங்கள். ஒரு வரிகூட வெட்டவில்லை - எனக்கும் உயிர்மேல் ஆசை இருக்காதா?